ஃபிரெட் கிரேஸ்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை அடுத்த டௌனெண்ட் என்னும் சிற்றூரில் ஹென்றி கிரேஸ் என்ற மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய துணைவியார் மார்த்தா, கிரிக்கெட்டின் நுணுக்கங்களை நன்கறிந்தவர். அவர்களுடைய ஐந்து ஆண்மக்களுள் கடைக்குட்டி ஃபிரெட். அவர் 1850ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் பிறந்தார்.

ஃபிரெட் 16 வயது நிறைவதற்கு முன்பே முதல்தரப் போட்டியில் களமிறங்கினார். எனினும், அவருடைய அண்ணன் டபிள்யூ. ஜி. கிரேஸ் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கினார். காண வந்தோரின் கண்களெல்லாம் அண்ணன் மீதே பதிந்திருந்தன. ஃபிரெட் அதற்காக மனம் சோரவில்லை. கிளாஸ்டர்ஷயர் மாவட்ட அணிக்காக மட்டையாளராகவும் பந்துவீச்சாளராகவும் சிறந்த களத்தடுப்பாளராகவும் உழைத்தார். 1876, 1877 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி மாவட்ட அணிகளுள் முதலிடம் பெற்றது. தந்தையையும் அண்ணன்மாரையும் போல மருத்துவராக வேண்டும் என்று அவர் மருத்துவமும் பயின்றுவந்தார்.

1880ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், இங்கிலாந்து மண்ணின் முதல் டெஸ்ட் போட்டி இலண்டன் ஓவல் திடலில் தொடங்கியது. இங்கிலாந்து அணியில் எட்வர்ட், டபிள்யூ. ஜி., ஃபிரெட் ஆகிய மூன்று உடன்பிறந்தார் ஒருசேர ஆடினர். அண்ணன் 152 ஓட்டங்கள் குவித்தார். தம்பியோ இரண்டு முறையும் ஓட்டமின்றி ஆட்டமிழந்தார்.

ஆயினும் அப்போட்டியில் அவர் பெயர் நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் போனர் நெடிய உருவமும் பெருவலிமையும் கொண்டவர். அவர் ஓங்கி அடித்த பந்து வானளாவ எழுந்தது. அது கீழிறங்குவதற்குள் மட்டையாளர்கள் இரண்டு ஓட்டங்களை ஓடி முடித்து, மூன்றாவதற்குத் திரும்பினர். எல்லையருகே நின்ற ஃபிரெட், பதற்றமின்றிக் காத்திருந்து பந்தைப் பற்றினார். இங்கிலாந்து ஐந்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது.

அடுத்த சில நாள்களில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அது நுரையீரல் அழற்சியாக முற்றியது. செப்டம்பர் 22ஆம் நாள் பேசிங்ஸ்டோக் நகரில் ஃபிரெட் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 29. ஓவல் ஆட்டம் முடிந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. மருத்துவப் படிப்பும் முற்றுப்பெறவில்லை.

அவர் ஆடிய ஒரே டெஸ்ட் போட்டியில் அவர் பெயருக்கு நேரே ஓர் ஓட்டமும் இல்லை. எனினும், உரிய நேரத்தில் உறுதியாக நின்று பிடித்த அந்தப் பந்து இன்றும் பேசப்படுகிறது.

சொற்பொருள்
சோர்தல் – தளர்தல்
உடன்பிறந்தார் – ஒரே பெற்றோரின் மக்கள்
அழற்சி – வீக்கமும் வெம்மையும் உண்டாக்கும் நோய்நிலை

சிந்தித்து எழுதுக
ஓட்டம் எதுவும் எடுக்காத ஃபிரெட், அணியின் வெற்றிக்கு எவ்வாறு துணைநின்றார்?