6,218 நாணயங்கள் சேர்த்த மெக்கன்சி

ஜொகூர் தோட்டத்து வீடுகளில் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த மலாயா காசுகளை டின்னில் போட்டு வைத்திருப்போர் இன்றும் உண்டு. விற்றால் எத்தனை வெள்ளி கிடைக்கும் என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்கிறோம். காலின் மெக்கன்சியிடம் அப்படிக் கேட்டிருந்தால் கணக்கு நட்டத்தில்தான் முடிந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754-இல் பிறந்தவர் அவர். 1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்குச் சென்னை வந்தார். நிலம் அளப்பதுதான் வேலை. ஆனால் முகாமிட்ட ஊரிலெல்லாம் பழங்காசு, ஏட்டுச்சுவடி, கல்வெட்டுப் படி என்று தேடினார். தமிழோ தெலுங்கோ அவருக்குச் சரளமாக வராது. காவலி வெங்கட பொரையா, அவருடைய தம்பி இலட்சுமையா போன்ற உதவியாளர்களே மக்களிடம் பேசி வாங்கி வந்தார்கள். இவர்கள் பெயரை நாம் அதிகம் சொல்வதில்லை.

1811-இல், நமக்குப் பக்கத்து மாநிலமான மலாக்காவில் திரண்ட ஆங்கிலேயக் கப்பற்படையோடு ஜாவா சென்றார். அங்கும் சேகரிப்பை விடவில்லை. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார்.

1821-இல் கல்கத்தா அருகே காலமானார். பின்னர் அச்சான பட்டியலில் நாணயங்கள் மட்டும் 6,218. சேகரிப்பு முழுவதற்கும் அவர் சொந்தப் பணத்தில் 15,000 பவுண்டுக்கு மேல் செலவிட்டதாக மதிப்பிட்டார்கள். அதற்குக் கம்பெனி அவர் மனைவிக்குக் கொடுத்ததோ 10,000 பவுண்டு. நாணயங்களில் பல லண்டனுக்குக் கப்பலேறின. தென்னாட்டுச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள்.