எண்ணுவோர்க்கு வேண்டிய நேர்மை

ஜூன் 29-ஆம் நாளை 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிறந்த நாள். புள்ளிவிவரக் கள ஆய்வில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்நாள் வரும்போதெல்லாம் ஒரு பழைய தவறு நினைவுக்கு வரும்.

பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் உச்சிவெயிலுக்கு அஞ்சி, ஊர்க்கோடியிலிருந்த மூன்று வீடுகளுக்குச் செல்லாமலே படிவங்களை நிரப்பிவிட்டேன். மேலதிகாரி சொல்லாமலே வேறொருவரை அதே ஊருக்கு அனுப்பியிருந்தார். இரு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. மறுநாள் நானே அவ்வீடுகளுக்குச் சென்றேன். மூவர் வாழ்வதாக நான் எழுதிய வீட்டில், வருவாய் ஏதுமற்ற மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். ஒரே இடத்தை இருவர் தனித்தனியே ஆராய்ந்து ஒப்பிடும் முறையை நம் நாட்டு ஆய்வுகளில் வேரூன்றச் செய்தவர் மகலனோபிஸ் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

1893-இல் கொல்கத்தாவில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு நண்பரான சீனிவாச ராமானுஜன் குளிரில் வருந்தியபோது, கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் இவரே. படிப்பு முடிந்து தாயகம் திரும்ப வேண்டிய வேளையில் போரினால் கப்பல் தாமதமானது. அந்த இடைவேளையில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்கு அறிமுகப்படுத்தினார். அதன் தொகுதிகளை வாங்கி வந்து, பயண வழியிலேயே படிக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் இந்தியாவில் புள்ளியியலாளர் என்றொரு தொழிலே இல்லை. பாடத்திட்டமும் இல்லை, பணியிடமும் இல்லை. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தபடியே, அங்கிருந்த ஓர் அறையில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் அங்கேதான் உருவாயிற்று. 1933-இல் சாங்க்யா ஆய்விதழ் வெளிவந்தது. எண், தெளிந்த அறிவு ஆகிய இரு பொருளையும் அச்சொல் தரும்.

எண்கள் அவர் கையில் எதற்குப் பயன்பட்டன என்பதற்கு ஒரிசா வெள்ளம் சான்று. 1926-இல் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதாகக் கருதிய பொறியாளர்கள், கரைகளை உயர்த்தப் பரிந்துரைத்தனர். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்தார். படுகை உயரவில்லை, மேல்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என நிறுவினார். வல்லுநர் குழுவே சொன்னாலும், தரவு வேறாக இருப்பின் அதை எடுத்துரைப்பது புள்ளியியலாளரின் கடமையாகிறது.

1937 முதல் வங்காளச் சணல் பரப்பை மாதிரி ஆய்வால் மதிப்பிட்டார். சில வயல்களைப் பார்த்து மாகாணம் முழுமைக்கும் கணக்குச் சொல்வதா என்று ஐயுற்றோர் பலர். வயல்தோறும் எண்ணுவதற்கான செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இதற்கு ஆயிற்று. வணிகக் கணக்குகளோடு ஒப்பிட்டபோது, மாதிரி ஆய்வின் முடிவே அவற்றை நெருங்கியிருந்தது. முழு எண்ணிக்கை விளைச்சலைக் குறைத்துக் காட்டியிருந்தது. பயிற்சியற்ற ஆயிரக்கணக்கானோர் அவசரமாக எண்ணுவதைவிட, பயின்ற சிலர் கவனமாக எண்ணுவது மேலானது என்பது தெளிவாயிற்று.

அந்த அனுபவத்தின் மீதுதான் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு எழுந்தது. ஏழைகள் என்ன உண்கின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர் என்பதை நாடு முறையாக அறியத் தொடங்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அவர் வகுத்த வழி, கனரகத் தொழிலுக்கு முதன்மை தந்து வேளாண்மையைப் பின்தள்ளியது என்னும் குறை இன்றும் சொல்லப்படுகிறது. அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் அத்திட்டத்தை எடைபோட்டோருக்கும் அவர் நிறுவிய ஆய்வுகளே சான்று தந்தன. 1972 ஜூன் 28 அன்று, 79-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக மறைந்தார்.

அவர் கட்டிய அமைப்பு இன்று எந்நிலையில் உள்ளது? 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை எனக் கூறி அரசு வெளியிடவில்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய ஆண்டில் நடக்கவில்லை. தரத்தில் குறை இருப்பின், அதைத் தரவோடு சேர்த்து வெளியிட்டு விவாதிப்பதே அறிவியல் நெறி. தம் பிழையின் அளவையும் கணித்து வெளியிட்ட மகலனோபிஸ் காட்டிய வழி அதுவே.

இத்துறையைத் தொழிலாகத் தேர்வு செய்யும் இளைஞர்களிடம் கணிதத் திறனை மட்டும் எதிர்பார்ப்பது போதாது. ஊர்க்கோடி வீடு வரை நடக்கும் பொறுமையும், விரும்பத்தகாத எண்ணையும் மறைக்காமல் மேலிடத்தில் வைக்கும் துணிவும் வேண்டும். அத்துணிவைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. நான் எண்ணாமல் விட்ட மூதாட்டியைக் கண்டுபிடிக்க மற்றொருவர் இருந்தார். நாடே எண்ணாமல் விட்டால், கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?