பொம்மை ரெயில் மன்னர்

காற்று வராத ஒரு மின்சார விசிறியைச் செய்தார், ஒரு வாலிபர். விசிறி விலை போகவில்லை. ஆனால் அதில் இருந்த சின்னஞ்சிறு மோட்டார், அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கியது!

அவர் பெயர், ஜோஷுவா லயனல் கோவன். அமெரிக்காவின் புகழ்பெற்ற "லயனல்" பொம்மை ரெயில்களைச் செய்தவர் அவர்தான்.

பாதியில் நின்ற படிப்பு

கோவன் 1877-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர், ஐரோப்பாவில் இருந்து குடியேறிய யூதர்கள்.

கல்லூரிப் படிப்பைக் கோவன் பாதியில் விட்டுவிட்டார். பேட்டரியும் வயரும்தான் அவருக்கு உயிர். புகைப்படம் எடுக்கும்போது வெளிச்சத்துக்காகக் கொளுத்தும் மருந்தைப் பற்றவைக்க, 1899-ல் ஒரு கருவி செய்தார். அதைக் கண்ட அமெரிக்கக் கடற்படை, கண்ணிவெடிகளை வெடிக்கவைக்கும் கருவிகள் செய்யும் வேலையை அவரிடம் கொடுத்தது.

அந்தப் பணத்தைக் கொண்டு 1900-ல், ஹாரி கிராண்ட் என்ற நண்பருடன் கம்பெனி தொடங்கினார். தன் பெயரின் நடுவில் உள்ள "லயனல்" என்பதையே அதற்குச் சூட்டினார்.

ஜன்னலில் ஓடிய வண்டி

கடைகளின் கண்ணாடி ஜன்னலில் எத்தனையோ பொருட்கள் இருக்கும். அசையாத பொருளை யார் நின்று பார்ப்பார்கள்? இப்படி நினைத்த கோவன், ஒரு மரவண்டியின் அடியில் விசிறி மோட்டாரைப் பொருத்தினார். வட்டமான தண்டவாளத்தில் அதை ஓடவிட்டார்.

கூட்டம் கூடியது. ஆனால் வந்தவர்கள் கடைச் சரக்கைக் கேட்கவில்லை. வண்டியையே விலைக்குக் கேட்டார்கள்!

மின்சாரப் பொம்மை ரெயிலை அவருக்கு முன்பே சிலர் செய்தது உண்டு. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர், கோவன். 1906-ல் மூன்று கம்பித் தண்டவாளத்தைக் கொண்டுவந்தார். நடுக்கம்பியில் மின்சாரம் வரும். வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க, டிரான்ஸ்பார்மரும் விற்றார்.

விழுந்தார், எழுந்தார்

1930-க்குப் பிறகு அமெரிக்காவில் கடும் பணமுடை. பொம்மை வாங்க யாரிடம் காசு இருந்தது? 1934-ல் கம்பெனி கடனில் மூழ்கி, கோர்ட்டு நியமித்தவர்களின் கைக்குப் போயிற்று.

அப்போது கைகொடுத்தது, ஒரு எலி! மிக்கி மவுசும் மின்னி மவுசும் ஓட்டிச்செல்லும் சிறு தண்டவாள வண்டி, ஒரு டாலர் விலையில் வெளிவந்தது. 2½ லட்சம் வண்டிகள் விற்றன. புதுமாதிரி ரெயில்களும் நன்றாக விற்றன. கம்பெனி மீண்டது.

1942-ல் யுத்தத்துக்காகப் பொம்மை வேலை நின்றது. கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும், புகைவிடும் எஞ்சின்கள் வந்தன. 1953-ல் விற்பனை 3 கோடி டாலரைத் தாண்டியது.

பிறகு சிறுவர்களின் மனம் டெலிவிஷன் பக்கம் திரும்பியது. 1959-ல் கோவன் தன் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கினார். 1965-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 88.

பரணில் தூங்கும் ரெயில்

அவர் காலத்து ரெயில்கள் இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. பல ஆண்டு கழித்து எடுத்து ஓட்டினால், எஞ்சின் உறுமும், திணறும், தீப்பொறி பறக்கும். மோட்டார் எரிந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடக்கூடாது. பெரும்பாலும் காரணம், அழுக்குதான்!

பழைய எண்ணெய் பிசின்போல் இறுகி, அச்சைப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரில் மின்சாரத்தை வாங்கும் செப்புத்தகடுகளின் இடுக்கில் கரித்தூள் அடைத்துக்கொள்ளும். அவற்றை உரசும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கும். நடுக்கம்பியைத் தொடும் உருளையில் துரு ஏறியிருக்கும்.

உருளையையும் சக்கரங்களையும் முதலில் துடைக்கவேண்டும். பிறகு மோட்டாரைத் திறந்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் செப்புத்தகடுகளைத் துடைக்கவேண்டும். இடுக்கில் உள்ள தூளைப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுக்கவேண்டும். தேய்ந்த பிரஷ்களை மாற்றவேண்டும். அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். செப்புத்தகட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

இதற்குப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. திருப்புளியால் திறந்து, பழுது பார்த்து, மூடும்படி செய்யப்பட்ட மோட்டார் அது. பழுது பார்க்கும் முறையைக் கம்பெனியே புத்தகமாகப் போட்டது. ஊருக்கு ஊர் பழுது பார்க்கும் நிலையங்களுக்கும் ஏற்பாடு செய்தது.

அதனால்தான், தாத்தாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த எஞ்சின், பேரனின் கையிலும் ஓடுகிறது.