அறிஞர் வாலஸ் வரலாறு

உயிரினங்கள் யாவும் என்றும் மாறாத உருவுடன் படைக்கப்பட்டவை என மேல்நாட்டார் பலர் நம்பியிருந்த காலத்தில், அந்நம்பிக்கையைத் தகர்த்த இருவருள் ஒருவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். மற்றவராகிய சார்லஸ் டார்வினை உலகம் அறியும். வாலஸை அறிந்தோர் சிலரே.

இவர் 1823 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊரருகே பிறந்தார். குடும்பம் வறுமையுற்றமையால் இளமையிலேயே பள்ளியை விட்டு, தமையனாருடன் நிலம் அளக்கும் தொழில் செய்தார். கல்லூரியை மிதியாத அவருக்குத் தொழிலாளர் கல்விக் கழகங்களும் நூல்களுமே ஆசான்களாயின.

1848 இல் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்காண்டுகள் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். 1852 இல் திரும்புகையில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்தவை சாம்பலாயின. 10 நாட்கள் படகில் மிதந்து உயிர் தப்பினார். ஆயினும் மனம் தளராது, 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் சுற்றி 1,25,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைத் திரட்டினார்.

ஒரே இனத்தினுள்ளும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பதை அவர் கண்டார். 1858 பிப்ரவரியில் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, மக்கட்பெருக்கம் பற்றி மால்தஸ் எழுதிய நூல் நினைவுக்கு வர, உண்மை விளங்கிற்று. பிறப்பன பல, பசி, பிணி, பகை கடந்து பிழைப்பன சில. சூழலுக்கு இசைந்த வேறுபாடுடையவை பிழைத்து, அதனைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளிக்கின்றன. தலைமுறைகள் பல கடக்கப் புதிய இனம் உருவாகின்றது.

பின்னர்ச் சுமத்திராவில் அவர் கண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று, சிறகை மடக்கி அமர்ந்தால் காய்ந்த இலையாகவே தோன்றும். அவ்வாறு தோன்ற அது முயன்றதில்லை. அதன் முன்னோருள் சற்றே இலையை ஒத்தவை பறவைகளின் கண்ணுக்குத் தப்பின, ஒவ்வாதவை இரையாயின.

வாலஸ் தம் கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் பல்லாண்டுகளாக இக்கருத்தையே வெளியிடாது ஆராய்ந்துவந்தார். 1858 ஜூலை 1 ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துக்களும் ஒருங்கே வாசிக்கப்பெற்றன. புகழ் பெரிதும் டார்வினைச் சேர்ந்தபோதும் வாலஸ் பொறாமை கொண்டிலர்; 1889 இல் தாம் வெளியிட்ட நூலுக்கு டார்வினின் பெயரையே சூட்டினார்.

வலியோர் எளியோரை ஒடுக்குதற்கு இக்கொள்கையைச் சான்றாகத் திரித்தோரும் உளர். இசைந்தது என்றால் உயர்ந்தது என்பதன்று. ஓரிடத்தில் காக்கும் நிறமே வேறோரிடத்தில் காட்டிக்கொடுக்கும். வாலஸோ நிலம் சிலர் உடைமையாதல் தகாதென வாதாடி, 1881 இல் அதற்கென அமைந்த சங்கத்தின் தலைவரானார்.

1913 நவம்பர் 7 ஆம் நாள், 90 ஆம் வயதில் அவர் மறைந்தார். எவ்வினத்திற்கும் நிலைத்த உரு இல்லை என்று அவர் கண்ட உண்மையை நம் இல்லத்துச் சிறாருக்கு எடுத்துரைப்போமாக.