நூல் கோனுக்கும் குவாண்டத்துக்கும் என்ன சம்பந்தம்? - சத்யேந்திரநாத் போஸ் என்கிற வாத்தியாரின் கதை!

சோமனூர்ப் பக்கம் போனால் காதில் முதலில் விழுவது தறிச் சத்தம். அடுத்து கண்ணில் படுவது நூல் மூட்டை. கோன் கோனாக வருகிற நூலை எடை போட்டுத்தான் வாங்குவாங்க. எடையில் கொஞ்சம் குறைந்தாலும் மொத்தக் கணக்கும் இடிக்கும். சரி, ஒரு கிலோன்னா இவ்வளவுதான்னு யார் முடிவு பண்ணினது?

2019 வரை, பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளைதான் உலகத்துக்கே கிலோ. அதன் எடையே லேசாக மாறுகிறதோ என்ற சந்தேகம் வந்ததும் விஞ்ஞானிகள் வேறு வழி தேடினாங்க. 2019 மே 20 முதல் கிலோவுக்கு அடிப்படை, பிளாங்க் மாறிலி என்கிற ஓர் எண். ரொம்பப் பொடியான எண். ஜூல்-செகண்ட் அளவில் எழுதினால், புள்ளிக்குப் பிறகு 33 பூஜ்யம் போட்டு, அப்புறம்தான் 6626 என ஆரம்பிக்கும்!

இந்த எண்ணுக்கு உள்ளே இருந்த அர்த்தத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம நாட்டு வாத்தியார், சத்யேந்திரநாத் போஸ். போஸ்னு சொன்னதும் நேதாஜிதான் ஞாபகத்துக்கு வருவார். இவர் வேற போஸ்!

ரயில்வே ஊழியரின் மகன்

1894 ஜனவரி 1 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பள்ளியில் ஒரு கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போட்டுக் காட்டியதால், நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் வாங்கினார் என்று ஒரு கதை சொல்வாங்க. பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸிடமும் பிரஃபுல்ல சந்திர ராயிடமும் படித்தார். மேக்நாத் சாகா வகுப்புத் தோழர். ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாங்க.

1921-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். அங்கேதான் அந்த எண் அவரைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது.

அரை ஊடை போட முடியுமா?

சூடான பொருளிலிருந்து வரும் ஒளியின் கணக்கு சரியாக வரவில்லை என்பதற்காக, 1900-ல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் கொண்டுவந்ததுதான் இந்த மாறிலி. ஆற்றல் தண்ணி மாதிரி ஒழுகி வராது, பொட்டலம் பொட்டலமாகத்தான் வரும் என்பது அதன் பொருள். தறியில் துணி எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம். ஆனா, ஒவ்வொரு ஊடையாகத்தான் வளரும். அரை ஊடை போட முடியாதில்லையா? அது மாதிரி.

கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால், பாதி பழைய இயற்பியல், பாதி புதுசுன்னு ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. பிளாங்குக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. தனக்கே ஒட்டாததை மாணவர்களுக்கு எப்படி நடத்துவது? போஸ் முதலிலிருந்து யோசித்தார்.

ஒரே மாதிரியான ரெண்டு வெள்ளைக் கோன், ரெண்டு பெட்டி இருக்குன்னு வைங்க. கோன்களுக்கு அடையாளம் போட்டிருந்தால், அவற்றை வைக்க நாலு வழி உண்டு. அடையாளமே இல்லைன்னா? ரெண்டும் முதல் பெட்டியில், ரெண்டும் அடுத்ததில், பெட்டிக்கு ஒன்று. அவ்வளவுதான், மூணே வழி! ஒளித்துகள்களும் அடையாளம் இல்லாதவை, அவற்றை இப்படித்தான் எண்ண வேண்டும் என்றது போஸின் கணக்கு. அந்தப் பெட்டியின் அளவைத் தீர்மானிப்பதுதான் பிளாங்க் மாறிலி. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட எண்ணுக்கு ஓர் இடம் கிடைத்தது. பழைய இயற்பியலின் உதவி இல்லாமலே பிளாங்கின் விதி முழுசாக வந்து நின்றது.

பெர்லினுக்குப் போன கடிதம்

1924 ஜூன் 4. முப்பது வயது போஸ், அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். முன்பின் பழக்கம் கிடையாது. ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அங்குள்ள முக்கியமான ஆய்விதழில் வெளியிட வைத்தார். பாராட்டி அவர் எழுதிய அஞ்சலட்டை, போஸ் ஐரோப்பா போகவும் வழி திறந்தது. பாரிஸிலும் பெர்லினிலும் ரெண்டு வருடம் இருந்துவிட்டு டாக்கா திரும்பினார். டாக்டர் பட்டம் இல்லாமலே பேராசிரியர் ஆனார். அதற்கும் ஐன்ஸ்டைனின் சிபாரிசு துணை நின்றது.

இப்படி எண்ண வேண்டிய துகள்களுக்கெல்லாம் பிற்பாடு டிராக் வைத்த பெயர் போசான். போஸின் எண்ணும் முறையை வைத்து ஐன்ஸ்டைன் கணித்த ஒரு புது நிலையை 1995-ல் ஆய்வகத்தில் உருவாக்கியவர்களுக்கு 2001-ல் நோபல் கிடைத்தது. போஸுக்கு நோபல் கிடைக்கவே இல்லை.

தாய்மொழியில் அறிவியல்

அதற்காக அவர் முடங்கவில்லை. எஸ்ராஜ் வாசித்தார். தாகூர், தான் எழுதிய அறிவியல் நூலை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். 1948-ல் வங்காளத்தில் அறிவியலைக் கொண்டுசேர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார், அதற்கென ஒரு பத்திரிகையும் வந்தது. தாய்மொழியில் அறிவியல் நடத்த முடியாது என்ற பேச்சை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. 1954-ல் பத்ம விபூஷண். 1974 பிப்ரவரி 4 அன்று, 80 வயதில் காலமானார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழ் வழியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் சோமனூரிலும் உண்டு. இங்கிலீஷ் வராது, இதெல்லாம் நமக்கு எட்டாதுன்னு அதில் யாராவது நினைத்தால், இந்த வாத்தியார் கதையைச் சொல்லுங்க. அப்படியே எடைத் தராசையும் காட்டுங்க. அங்கே தெரிகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பின்னால், டாக்காவில் ஒரு வாத்தியாரைத் தூங்கவிடாத அதே எண்தான் இருக்கிறது!