காய்ச்சலை இனம்பிரித்த மருத்துவர்

இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அவர் நடத்திய ஆய்வு மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது. நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்கள் பலரைப் பெரிபெரி நோய் தாக்கியது; புழுங்கல் அரிசி அந்நோய் வராமல் காத்தது.

அவரது மற்றொரு சாதனை 1920-களில் நிகழ்ந்தது. அப்போது அவர் கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்தார். நகரவாசிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் டைபஸ் காய்ச்சல் வாட்டியது. கடும் தலைவலியும் உடலில் தடிப்பும் தோன்றின; சிலர் உயிரிழந்தனர். இந்நோயின் கிருமி உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழக்கூடியது. ஆகவே, அதனை மற்றக் கிருமிகளைப்போல் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துப் பார்க்க இயலவில்லை.

கிருமியைக் காண முடியாவிட்டாலும் அதன் தடயத்தை நோயாளியின் குருதியில் காணலாம். கிருமி உடலுக்குள் நுழைந்ததும் நம் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் கிருமியின் மேலுள்ள குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளும். அவ்வாறு பற்றப்படும் பொருளே ஆன்டிஜென். பூட்டுக்கு ஏற்ற சாவி போல இரண்டும் பொருந்த வேண்டும்.

டைபஸ் நோயாளிகளின் குருதிநீரை புரோட்டியஸ் என்னும் வேறொரு நுண்ணுயிரோடு கலந்தால், அந்நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பதை வெயில், பெலிக்ஸ் ஆகிய இருவரும் 1916-இல் கண்டறிந்திருந்தனர். புரோட்டியஸ் அந்நோயை உண்டாக்குவதில்லை. எனினும், டைபஸ் கிருமியிடம் உள்ள ஒரு வடிவம் அதனிடமும் உள்ளது. எதிர்ப்பொருள் அந்த வடிவத்தைத்தான் அடையாளம் காண்கிறது.

பிளெட்சரும் அவருடைய உடனாய்வாளர் லெஸ்லரும் புரோட்டியஸின் இரு வகைகளைக் கொண்டு சோதித்தனர். ஒன்று ஓ.எக்ஸ்.19; மற்றொன்று கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஓ.எக்ஸ்.கே. நகர நோயாளிகளின் குருதிநீர் முதல் வகையைத் திரட்டியது. தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்தோரின் குருதிநீரோ இரண்டாம் வகையைத் திரட்டியது. ஒரே நோய்போல் தோன்றியவை இரு வேறு நோய்கள் என்பது இதனால் வெளிப்பட்டது. நகரக் காய்ச்சலை எலித் தெள்ளும் புதர்க் காய்ச்சலைச் சிற்றுண்ணியும் பரப்புகின்றன எனப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. பரப்பும் உயிர் வேறென்றால் தடுக்கும் வழியும் வேறல்லவா?

எதிர்ப்பொருளின் அமைப்பை பிளெட்சர் காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. அது ‘ஒய்’ எழுத்தின் வடிவிலானது. இரண்டு நீண்ட புரதச் சங்கிலிகளும் இரண்டு குறுகிய சங்கிலிகளும் கொண்டது. இரு கைகளின் நுனிகளும் எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் மாறுபடுவதால், எண்ணற்ற ஆன்டிஜென்களை அவை இனங்காண்கின்றன. இவ்வமைப்பை விளக்கிய போர்ட்டர், எடெல்மன் இருவரும் 1972-இல் நோபல் பரிசு பெற்றனர்.

1948-இல் புதர்க் காய்ச்சலைக் குளோரம்பெனிக்கால் மருந்து குணப்படுத்தும் என்பது கோலாலம்பூரில் நடந்த ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது. எந்த நோய் என்று அறிந்தால்தான் உரிய மருந்தைத் தர முடியும். அவ்வாறு அறியும் வழியை, சோதனைக் குழாயில் தோன்றிய சிறு வேறுபாட்டைப் புறக்கணிக்காத பிளெட்சர் முன்னரே காட்டியிருந்தார்.