2,000 ரூபாய்க்கு கார்: ஜி.டி. நாயுடுவின் திட்டம் ஏன் ரோட்டுக்கு வரவில்லை?

சிட்டி டிராஃபிக்குக்கு ஏற்ற, இரண்டு பேர் உட்காரும் குட்டி எலெக்ட்ரிக் கார். மோட்டார் ஷோக்களில் 'எதிர்கால கார்' என்று மேடை ஏறும் கான்செப்ட் கார்களில் பல இந்த ரகம்தான். திருவாலங்காட்டிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி இருக்கும் திருவள்ளூரின் கார் ஆலையில் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. 2023-ல் சிட்ரோயனின் எலெக்ட்ரிக் கார் இ-சி3 அறிமுகமானதும் இதே திருவள்ளூர் தயாரிப்பாகத்தான்.

ஆனால், சின்ன கார், குறைந்த விலை என்ற யோசனையை 1952-லேயே செய்து காட்டியவர் ஒரு கோயம்புத்தூர்காரர். அவர்தான் ஜி.டி. நாயுடு.

யார் இவர்?

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவருக்கு, அது வேண்டும் என்ற ஆசை வந்தது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார். அவருடைய இன்ஜினீயரிங் காலேஜ் அதுதான்.

1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலில் இறங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

எலெக்ட்ரிக் மோட்டாருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இன்று எலெக்ட்ரிக் காரின் இதயமே மோட்டார்தான். இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டார் 1937-ல் கோவை பீளமேட்டில் தயாரானது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அதைச் சாத்தியமாக்கியவர் ஜி.டி. நாயுடு. கோவை இன்று மோட்டார், பம்ப்செட் நகரமாக இருப்பதற்குப் பின்னால் அந்தத் தொடக்கமும் உண்டு.

பேட்டரியையும் விடவில்லை. டிரை செல்லில் ஓடும் குட்டி மோட்டார் வைத்து 'ரசன்ட்' என்ற ஷேவிங் ரேஸரை உருவாக்கினார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

அந்த கார் என்ன ஆனது?

1952-ல் இரண்டு சீட் கார் ஒன்றை உருவாக்கினார். அது எலெக்ட்ரிக் இல்லை, பெட்ரோல் கார்தான். விலை வெறும் 2,000 ரூபாய். சாதாரண ஆளும் கார் வாங்கலாம் என்பதுதான் இதில் புதுசு.

சிக்கல் இன்ஜினில் இல்லை, உரிமத்தில். 1951-ல் வந்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கார் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் கட்டாயம். நாயுடுவுக்கு அது கிடைக்கவில்லை. கார் தொழிற்சாலைக்குப் போகாமலே நின்றுபோனது. அரசின் வரிக் கொள்கையோடும் அவருக்கு நீண்ட மோதல் இருந்தது. தான் தயாரித்த பொருட்களையே பொதுமக்கள் முன்னால் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார்.

கார் தயாரிப்புக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது 1993-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1974 ஜனவரி 4-ல் காலமானார்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

2001-ல் பெங்களூருவில் இருந்து 'ரேவா' என்ற குட்டி எலெக்ட்ரிக் கார் வந்தது. 2009-ல் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று டாடா நானோ விற்பனைக்கு வந்தது. இரண்டுமே சின்ன கார் என்ற அதே கணக்குதான். ஆனால் அவற்றுக்கு மார்க்கெட்டில் நின்று பார்க்கும் வாய்ப்பாவது கிடைத்தது. நாயுடுவின் காருக்கு அதுவும் இல்லை. ஜனங்கள் வாங்கியிருப்பார்களா, ரோட்டில் தாக்குப்பிடித்திருக்குமா என்று சோதித்துப் பார்க்கவே வழியில்லாமல் போனது.

அடுத்த முறை ஒரு கான்செப்ட் கார் வீடியோ உங்கள் ஃபீடில் வந்தால், டிசைனோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள்: அதைத் தயாரிக்க அனுமதி, ஆலை, வாங்கும்படியான விலை மூன்றும் இருக்கிறதா? நாயுடுவிடம் கடைசி ஒன்று மட்டும்தான் கையில் இருந்தது. அவருடைய கண்டுபிடிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால், கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.